நெடுந்தொலைவு பறக்கும் பறவை எது?

கேள்வி:
நெடுந்தொலைவு பறக்கும் பறவை எது என்று தேடினால், ஓரிடத்தில் ஆர்க்டிக் ஆலா என்றும், இன்னோரிடத்தில் பட்டைவால் மூக்கன் என்றும், வேறோரிடத்தில் உழவாரன் என்றும் காண்கிறேன். இவற்றுள் எது சரி? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
மூன்றும் சரியே, அளவுகோல்தான் வேறு. ஓராண்டில் கடக்கும் மொத்தத் தொலைவில் ஆலாவுக்கு இணையில்லை. சுமார் 100 கிராம் எடையே உள்ள இப்பறவை வடதுருவப் பகுதிக்கும் தென்துருவக் கடல்களுக்கும் இடையே ஆண்டுதோறும் சென்று திரும்புகிறது. கிரீன்லாந்தில் கருவி பொருத்தப்பட்ட ஆலாக்கள் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 70,000 கிலோமீட்டர் பறந்ததை 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. தரையைத் தொடாமல் வானிலேயே கழிக்கும் காலத்தைக் கணக்கிட்டால் உழவாரனே முதலிடம் பெறும். கூடு கட்டும் பருவம் முடிந்த பின் சில உழவாரன்கள் 10 மாதங்கள் தரையிறங்காமலே இருந்ததை சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் பதிவு செய்தார்கள்.

மறுமொழி 2:
எங்கும் நிற்காமல் ஒரே மூச்சில் பறக்கும் தொலைவை அளவுகோலாகக் கொண்டால் முதலிடம் மூக்கனுக்கே. என்னை மிகவும் வியக்க வைப்பதும் அதுதான். உழவாரன் பறந்துகொண்டே பூச்சிகளைப் பிடித்து உண்ணும். ஆலா வழியில் மீன் பிடிக்கும். கரையோரச் சேற்றில் இரை தேடும் மூக்கனுக்கோ பெருங்கடலின் மேல் உணவும் இல்லை, நீரில் இறங்கி இளைப்பாறவும் வழியில்லை. ஆகவே, புறப்படுவதற்கு முன் உடல் எடையில் பாதியளவுக்குக் கொழுப்பைச் சேர்த்துக்கொள்வதோடு, பயணத்தில் பயன்படாத இரைப்பை, குடல் போன்ற உறுப்புகளையும் சுருக்கிக்கொள்கிறது. 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து கிளம்பிய ஒரு மூக்கன், சுமார் 13,560 கிலோமீட்டரை 11 நாட்களில் எங்கும் நிற்காமல் கடந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவை அடைந்தது. அதற்கு அப்போது வயது ஏறத்தாழ 5 மாதம். முன்பின் சென்றறியாத வழி அது!

கேட்டவர்:
விளக்கங்களுக்கு நன்றி. இத்தனை நாட்கள் பறக்கும் பறவைகள் எப்போது உறங்கும்?

மறுமொழி 3:
பறக்கும்போதே உறங்க முடியும் என்பதற்கு நேரடிச் சான்று, கலாபகோஸ் தீவுகளின் 'பெரிய ஃபிரிகேட்' என்னும் கடற்பறவைகளிடம் கிடைத்தது. மூளையின் மின்னலைகளைப் பதியும் கருவியை அவற்றின் தலையில் பொருத்திப் பார்த்தபோது, சில வேளைகளில் மூளையின் ஒரு பாதி மட்டும் உறங்குவதும், சில வேளைகளில் இரு பாதிகளுமே உறங்குவதும் தெரிந்தன. ஆயினும், கடல்மேல் பறக்கும் நாட்களில் அவற்றின் உறக்கம் நாளொன்றுக்குச் சராசரியாக 42 நிமிடங்கள் மட்டுமே. தரைக்குத் திரும்பிய பிறகு 12 மணி நேரத்துக்கும் மேல் உறங்குகின்றன.