திருவிழாப் படப்பதிவுக்குப் பேட்டரி சார்ஜ் செய்யும் பெட்டி ஒன்றை நானே செய்ய விரும்புகிறேன்: ஆலோசனை தேவை

கேள்வி: படப்பதிவாளர், சுங்கை சிப்புட், மலேசியா

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட் பட்டணத்திலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் திருமணங்களையும் கோவில் திருவிழாக்களையும் படம் பிடிப்பது என் தொழில். இரண்டு சோனி கேமராக்களும் நான்கு எல்இடி விளக்குகளும் வைத்திருக்கிறேன். கேமராக்களுக்கு என்பி-எஃப்இசட்100 வகைப் பேட்டரிகள் எட்டும், விளக்குகளுக்கு என்பி-எஃப்970 வகைப் பேட்டரிகள் நான்கும் உள்ளன. திருமண மண்டபத்தில் இவை போதும். ஆனால் தோட்டத் தீமிதி என்றால் விடியற்காலைப் பால்குடத்தில் தொடங்கும் வேலை இரவு சாமி ஊர்வலம் முடியும்வரை நீள்வதால், ஒவ்வொரு பேட்டரியையும் இடையில் ஒருமுறையாவது சார்ஜ் செய்தாக வேண்டும்.

இதுவரை சார்ஜர்களை ஒரு துணிப்பையில் அள்ளிக்கொண்டு போய், மடப்பள்ளியில் இருக்கும் ஒரே பிளக்கில் எக்ஸ்டென்ஷன் போட்டுச் சமாளித்து வந்தேன். சென்ற ஆடி மாதம் ஒரு தோட்டத்தில் மதியம் இரண்டு மணிக்குச் சொருகிய பேட்டரிகளை நான்கு மணிக்கு எடுக்கப் போனபோது, எக்ஸ்டென்ஷனில் ஒரு துளையைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறி, கருகிய வாடை வீசியது. சார்ஜர் விளக்கு எரியவே இல்லை. அன்று மாலை, பிள்ளைக்காக நேர்ந்துகொண்ட ஒரு தாய் பூக்குழி இறங்கிய நேரத்தில் என் இரண்டாவது கேமரா அணைந்து கிடந்தது. அந்தக் குடும்பத்துக்கு அதை என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது. அது இன்றும் மனதை உறுத்துகிறது.

ஆகவே எல்லாச் சார்ஜர்களையும் நிரந்தரமாகப் பொருத்தி, ஒரே ஒயரை வெளியே விட்டு, மூடித் தூக்கிச் செல்லக்கூடிய கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைச் செய்ய விரும்புகிறேன். பெட்டியும் உள்ளே வைக்கும் பஞ்சும் (ஃபோம்) வாங்கிவிட்டேன். எந்த ஒயர், எந்த ஃபியூஸ், வெப்பத்துக்கு என்ன வழி என்பனவற்றை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி: வயர்மேன், ஈப்போ

வணக்கம் தம்பி. முதலில் அந்தப் பழுப்பேறிய துளையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காரணத்தைச் சரிசெய்யாமல் பெட்டி செய்தால் அதே கோளாறு பெட்டிக்குள் குடிபுகும். உங்கள் சார்ஜர்களில் சில இரண்டு கால் பிளக்குடன் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். நம் நாட்டு மூன்று துளைப் பிளக்கில் எர்த் துளையைப் பேனா முனையால் அழுத்தித் திறந்துவிட்டு, இரண்டு கால்களைக் கீழே சொருகுவது நம் வீடுகள் பலவற்றில் உள்ள பழக்கம். அந்தக் கால்கள் மெலிந்த உருண்டைக் கால்கள். துளைக்குள் இருக்கும் பித்தளைத் தகடோ தட்டையான, தடித்த காலுக்காக அமைந்தது. பிடிப்பு இறுக்கமாக இல்லாத இடத்தில் சிறு மின்னோட்டம்கூடச் சூட்டை உண்டாக்கும். இரண்டு மணி நேரம் அப்படியே கிடந்தால் பிளாஸ்டிக் கருகும். ஆகவே புதுப் பெட்டியில் இரண்டு கால் பிளக் ஒன்றுகூட நேராகச் சொருகப்படக் கூடாது. சிரிம் (மலேசியத் தரச்சான்று நிறுவனம்) முத்திரையுள்ள மூன்று கால் அடாப்டர் சில வெள்ளிதான் (ரிங்கிட்) ஆகும்; ஒயரைக் கழற்றக்கூடிய சார்ஜராக இருந்தால் மூன்று கால் பிளக் உள்ள ஒயராகவே மாற்றிவிடலாம்.

இனி மின்சுமை. உங்கள் சார்ஜர்கள் அனைத்தும் ஒன்றாக இயங்கினாலும் 200 வாட்டைத் தாண்டாது. 230 வோல்ட்டில் அது ஓர் ஆம்பியருக்கும் குறைவு. எனவே 13 ஆம்பியர் ஃபியூஸ் உள்ள பிளக்கை அப்படியே பயன்படுத்தாதீர்கள். ஃபியூஸ் காப்பது ஒயரை. மெல்லிய ஒயர் நசுங்கிப் பழுதானால் 13 ஆம்பியர் ஃபியூஸ் எரிவதற்குள் ஒயரே எரிந்துவிடும். பிளக்கைத் திறந்து 3 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். எல்லாச் சார்ஜர்களும் ஒரே நொடியில் மின்சாரம் இழுக்கும்போது அது எரிந்துபோனால் 5 ஆம்பியர் போடலாம். ஒயர் ஒரு சதுர மில்லிமீட்டர் தடிப்பில், ரப்பர் உறை உள்ளதாக இருக்கட்டும். கோவில் வளாகத்தில் ஆயிரம் பேர் மிதிப்பார்கள். பழுப்பு லைவ் (மின்சாரம் வரும் ஒயர்), நீலம் நியூட்ரல் (அது திரும்பும் ஒயர்), பச்சை மஞ்சள் எர்த். பழைய தோட்டக் கட்டடங்களில் சிவப்பும் கறுப்பும் இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அங்கே சிவப்புதான் லைவ்.

சார்ஜர்களை அலுமினியத் தகட்டில் பொருத்துவதாக இருந்தால் அந்தத் தகட்டுக்கு எர்த் கட்டாயம் கொடுங்கள். ஒவ்வொரு சார்ஜரிலிருந்தும் மின் இரைச்சலை அடக்கும் சிறு கெபாசிட்டர் (மின்தேக்கி) வழியாக மிகச் சிறிய மின்கசிவு வருவது இயல்பு. ஒன்றாக இருக்கும்போது தெரியாது. ஐந்தாறு சேர்ந்தால், எர்த் இல்லாத தகட்டை ஈரக் கையால் தொடும்போது சுருக்கென்று இருக்கும். விபூதியும் தண்ணீரும் கையிலிருக்கும் இடத்தில் இதை அலட்சியம் செய்ய முடியாது.

இன்னொன்று மிக முக்கியம். 30 மில்லிஆம்பியர் கசிவில் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்சைப் பெட்டியில் பொருத்தச் சொல்வேன். கோவில் கட்டட மின்சாரத்தில் அது உயிரைக் காக்கும். ஆனால் பல கைத்தூக்கு ஜெனரேட்டர்களில் நியூட்ரல் எர்த்துடன் இணைக்கப்பட்டிருக்காது. அப்படிப்பட்டதில் கசிந்த மின்சாரம் திரும்பிச் செல்லப் பாதை இல்லாததால் அந்தச் சுவிட்சு துண்டிக்காமலே இருக்கும். ஆகவே ஜெனரேட்டரில் சொருகும்போது அந்தச் சுவிட்சை நம்பிக் கவனக்குறைவாக இருந்துவிடாதீர்கள். உள் இணைப்புகளை நீங்களே செய்தாலும், முதல் முறை மின்சாரம் கொடுப்பதற்கு முன் ஒரு பதிவு பெற்ற வயர்மேனிடம் காட்டுங்கள். என்னிடம் கொண்டு வந்தாலும் பார்த்துத் தருகிறேன்.

மறுமொழி: தொழிற்சாலைத் தொழில்நுட்பர், கூலிம்

ஐயா சொன்னதில் ஒன்றையும் மறுக்கமாட்டேன். ஆனால் அண்ணன் ஜெனரேட்டரையும் மடப்பள்ளிப் பிளக்கையும் நம்பியே இருக்க வேண்டுமா என்பதுதான் என் ஐயம்.

கணக்கைப் பாருங்கள். எஃப்இசட்100 பேட்டரி ஒன்று 16.4 வாட்மணி (பேட்டரியில் அடங்கும் ஆற்றலின் அளவு), எட்டுக்கு 131. எஃப்970 ஒன்று ஏறத்தாழ 47 வாட்மணி; நான்குக்கு 188. எல்லாம் வெறுமையாகி மீண்டும் நிரம்ப 320 வாட்மணி வேண்டும். சார்ஜரில் வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால் 400 என்று வைத்துக்கொள்ளலாம். 12.8 வோல்ட், 50 ஆம்பியர்மணி லித்தியம் இரும்புப் பாஸ்பேட் பேட்டரி ஒன்றில் 640 வாட்மணி இருக்கிறது; எடை ஆறு கிலோ அளவில்தான். அதைத் தனிப்பெட்டியில் வைத்து, 12 வோல்ட்டில் இயங்கும் கார் சார்ஜர்களையும் யுஎஸ்பி-சி சார்ஜர்களையும் இணைத்துவிட்டால், 230 வோல்ட் என்ற பேச்சே திருவிழா இடத்தில் இருக்காது. செம்பனைக் காட்டு ஓரத்தில் சாமி இறங்கும் இடத்திலும் சார்ஜ் ஓடும். இரவில் வீட்டுக்கு வந்து 14.6 வோல்ட் சார்ஜரில் அந்தப் பெரிய பேட்டரியை நிரப்பிக்கொள்ளலாம்.

இதிலும் ஆபத்து உண்டு, வேறு வகையில். 12 வோல்ட் உங்களை உதைக்காது; ஆனால் 200 வாட்டுக்கு அங்கே 17 ஆம்பியர் ஓடும். நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 25 ஆம்பியர் ஃபியூஸ் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு வரும் ஒயர் நான்கு சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஃபியூஸ் இல்லாமல் அந்த இரண்டு முனைகளில் ஒரு ஸ்பானர் விழுந்தால் என்ன ஆகும் என்பதை வேலையிடத்தில் பார்த்திருக்கிறேன். ஸ்பானர் ஒட்டிக்கொண்டு சிவந்துவிட்டது.

வெப்பம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். லித்தியம் அயன் பேட்டரிகளைப் பொதுவாக 45 பாகை செல்சியசுக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. நம் ஊரில் நிழலிலேயே 33, 34 இருக்கும்போது மீதம் இருப்பது பதினொன்று, பன்னிரண்டு பாகை மட்டுமே. நீங்கள் வாங்கிய பஞ்சு கேமராவுக்கு நல்லது, சார்ஜருக்குப் பகை. வெப்பத்தை அது போர்வைபோலப் பிடித்து வைக்கும். சார்ஜர்களைச் சுற்றியுள்ள பஞ்சு முழுவதையும் வெட்டி எடுங்கள். சார்ஜ் நடக்கும்போது மூடி திறந்தே இருக்கட்டும். கேமராவிலிருந்து சூட்டோடு கழற்றிய பேட்டரியை உடனே சொருகாமல் கால் மணி நேரம் ஆறவிடுங்கள். தகரக் கூரைக்குக் கீழேயும் பூட்டிய காருக்குள்ளும் பெட்டியை வைக்கவே வேண்டாம். உப்பிய பேட்டரி எதுவாக இருந்தாலும், அது இன்னும் வேலை செய்கிறது என்பதற்காக வைத்துக்கொள்ளாதீர்கள்.

மறுமொழி: திருமணப் படப்பதிவாளர், பாகான் செராய்

நான்கு ஆண்டுகளாக இப்படியொரு பெட்டியுடன் வேலை செய்கிறேன். மின்சாரம் பற்றி மேலே இருவரும் சொன்னதற்கு மேல் எனக்குத் தெரியாது. கைப்பழக்கம் பற்றி மட்டும் சொல்கிறேன். எது நிரம்பியது, எது தீர்ந்தது என்ற குழப்பம்தான் ஊர்வலத்தின் நடுவில் ஆளைக் கொல்லும். என் பெட்டியில் நிரம்பிய பேட்டரிகள் பித்தளைப் பகுதி (மின்முனைகள்) மேலே தெரிய நிற்கும். தீர்ந்தவை தலைகீழாக நிற்கும். இருட்டில் விரலால் தடவினாலே தெரிந்துவிடும். பித்தளைப் பகுதிக்கு மூடி போட மறக்காதீர்கள், சில்லறைக் காசு பட்டாலும் ஷார்ட் ஆகும். பேட்டரிகளுக்கு எண் எழுதி வைத்தால் எது சீக்கிரம் இறங்குகிறது என்பதும் இரண்டு மாதத்தில் புலப்படும்.

தம்பி, கடல் தாண்டிச் சபா, சரவாக் பக்கம் திருமணத்துக்குப் போவதாக இருந்தால் ஒரு செய்தி. விமானத்தில் தனிப் பேட்டரிகளைக் கைப்பையில்தான் கொண்டு செல்ல வேண்டும். 100 வாட்மணிக்கு உட்பட்டவை பொதுவாகச் செல்லும், 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். கூலிம் தம்பி சொன்ன 640 வாட்மணிப் பேட்டரி ஏறவே ஏறாது. ஆகவே அதைச் சார்ஜர் பெட்டியோடு சேர்த்து ஒட்டிவிடாமல் தனியாகக் கழற்றும்படி அமையுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்னது முற்றிலும் சரி. வீட்டில் எடுத்துப் பார்த்தேன், கருகிய துளையில் இருந்தது இரண்டு கால் பிளக்தான். நான் என் கையாலேயே பேனாவை வைத்து அழுத்திச் சொருகியது நினைவிருக்கிறது.

நேற்று பஞ்சை வெட்டி, தகட்டில் சார்ஜர்களை நிறுத்தி, வீட்டு முற்றத்தில் சோதித்தேன். மூடியைத் திறந்து வைத்து ஒரு மணி நேரம் கழித்து அளந்தபோது பேட்டரிகளின் மேற்பரப்பு 39 பாகை. மூடியைச் சாத்தி அரை மணி நேரத்தில் 46 ஆனது, உடனே நிறுத்திவிட்டேன். மழை வந்தால் மூடியைத் திறந்து வைக்க முடியாதே என்பதுதான் இப்போது கவலை. பெட்டியின் பக்கத்தில் துளையிட்டு ஒரு சிறு விசிறி வைத்தால் சாம்பல் உள்ளே போகுமா?

மறுமொழி: தொழிற்சாலைத் தொழில்நுட்பர், கூலிம்

போகும் அண்ணா, பூக்குழிச் சாம்பல் மிக நுண்ணியது. எனவே காற்று உள்ளே வரும் துளையைப் பெட்டியின் கீழ்ப்பகுதியில், பூக்குழிக்கு எதிர்ப்பக்கமாக வைத்து, கொசுவலைத் துணியை இரண்டு மடிப்பாக ஒட்டுங்கள். 80 மில்லிமீட்டர், 12 வோல்ட் விசிறியை எதிர்ச்சுவரின் மேல்பகுதியில், காற்றை வெளியே இழுக்கும்படி பொருத்துங்கள். சூடான காற்று தானாகவே மேலே வரும். இரண்டு துளைகளுக்கும் மேலே ரப்பர் தகட்டில் சிறு கூரை போட்டால் சாரல் இறங்காது. ஆனாலும் பெட்டியை மழையில் நிறுத்தாமல் கூடாரத்துக்குள், தரையிலிருந்து ஒரு செங்கல் உயரத்தில் வையுங்கள். பிறகு மூடியைச் சாத்தி அதே சோதனையை மறுபடியும் செய்து பாருங்கள். 42 பாகைக்கு மேல் ஏறினால் ஒரே நேரத்தில் சொருகும் பேட்டரிகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.