முகத்துக்கு எஸ்ட்ரியால் கிரீம்: பூசியவர்கள் சொல்லுங்கள்

எனக்கு 52 வயது, மதுரை திருநகரில் இருக்கிறேன். மாதவிலக்கு நின்று இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. அதன் பிறகு முகத்தோல் மெலிந்து வறண்டுவிட்டது. துண்டு பட்டாலே கன்னம் எரிகிறது. காலையில் கன்னத்தில் பதிந்த தலையணை மடிப்பு பத்து மணி வரை மறைவதில்லை. சித்திரையில் அழகரைப் பார்க்க வைகையில் இரண்டு மணி நேரம் நின்றதற்கு ஒரு வாரம் தோல் உரிந்தது.

தேங்காயெண்ணெய், ஈரப்பதம் காக்கும் செராமைடு கிரீம், எஸ்பிஎஃப் 50 சன்ஸ்கிரீன் எல்லாம் ஆறு மாதமாகப் போடுகிறேன். சுருக்கத்துக்குப் பூசும் ரெட்டினாலை (வைட்டமின் ஏ வகை) மூன்று இரவுகூட என் தோல் தாங்கவில்லை. தைராய்டு சரியாக இருக்கிறது. தோல் மருத்துவர் “வயதானால் அப்படித்தான்” என்று அனுப்பிவிட்டார். மாதவிலக்கு நின்ற முதல் ஐந்து ஆண்டுகளில் தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜன் ஏறத்தாழ 30 சதவீதம் குறைகிறது என்பதையாவது அவர் சொல்லியிருக்கலாம். அதை நானாகத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

பிறப்புறுப்பு வறட்சிக்கு மகப்பேறு மருத்துவர் எழுதித் தந்த எஸ்ட்ரியால் கிரீம் வீட்டில் இருக்கிறது. எஸ்ட்ரியால் என்பது மாதவிலக்கு நின்றதும் குறையும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனில் ஒரு வகை. முகத்தில் இன்னும் தொடவில்லை. சித்திக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. அதனால் இது எனக்கு ஆகுமா என்பதை அடுத்த முறை மருத்துவரிடமே கேட்கப்போகிறேன். எனக்கு முன்பு கன்னத்தில் மங்கு இருந்தது, ஈஸ்ட்ரோஜன் அதைக் கிளப்பிவிடும் என்கிறார்கள்.

மங்கு இருந்து, மருத்துவர் கண்காணிப்பில் முகத்தில் எஸ்ட்ரியால் பூசியவர்களே, உங்களுக்கு அது திரும்பி வந்ததா?