ரோமாபுரி விழுந்தது 476-லா, 439-லா?

லெபோ பசார் மிளகு:
வணக்கம். பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு மளிகைக் கடையில் வேலை செய்கிறேன். சரவாக் மிளகை எடை போட்டுக்கொண்டே ஒரு வரலாற்று உரை கேட்டேன். 408-இல் கோத் இனத் தலைவன் அலாரிக் ரோம் நகரை முற்றுகையிட்டு, விட்டுப் போக 5,000 பவுண்டு தங்கமும் 30,000 பவுண்டு வெள்ளியும் கேட்டானாம். கூடவே 3,000 பவுண்டு மிளகு! ரோமானியப் பவுண்டு சுமார் 327 கிராம் என்றால் கிட்டத்தட்ட ஒரு டன். எங்கள் கிடங்கில் அதில் கால்வாசிகூட ஒரே சமயத்தில் கிடந்ததில்லை. அதையெல்லாம் கேட்கும் அளவுக்குச் செல்வம் இருந்த ஊரின் மேற்குப் பேரரசு, எழுபது ஆண்டுக்குள், 476-இல், பேரரசராக இருந்த ஒரு சின்னப் பையனை அரியணையிலிருந்து இறக்கியதோடு முடிந்துபோனது எப்படி?

பட்டர்வொர்த் பையன்:
காட்டுமிராண்டிகள் வந்தார்கள், அடித்தார்கள், முடிந்தது. இதற்கு மேல் என்ன இருக்கிறது அண்ணே?

செந்தூல் கணக்கர்:
தம்பி, அடி முன்பும் விழுந்ததுதான். பேரரசு கிழக்கு, மேற்கு என்று இரண்டாக ஆளப்பட்ட காலம் அது. 378-இல் ஏட்ரியானோபிள் போரில் கிழக்கின் பேரரசர் வேலன்ஸே செத்தார். கிழக்கு விழுந்துவிட்டதா என்ன? நான் தணிக்கை வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்தக் கதையானாலும் வரவு எங்கிருந்து என்றுதான் முதலில் பார்ப்பேன்.

எகிப்துக் கோதுமை கிழக்கின் தலைநகரான கான்ஸ்டான்டினோபிளுக்குத் திருப்பிவிடப்பட்ட பிறகு ரோம் நகருக்குச் சோறு போட்டது வட ஆப்பிரிக்கா. மேற்கின் கொழுத்த வரியும் அங்கிருந்துதான். 429-இல் வேண்டல் என்ற ஜெர்மானிய இனத்தின் அரசன் கெய்செரிக் தன் கூட்டத்தோடு ஸ்பெயினிலிருந்து கடல் தாண்டி, 439 அக்டோபரில் அங்கிருந்த பெருநகரமான கார்த்தேஜைப் பிடித்தான். கடை மூடியது அன்றைக்குத்தான். 476-இல் பெயர்ப் பலகையைக் கழற்றினார்கள், அவ்வளவே.

சில ஆண்டுகளில் மேற்கின் பேரரசர் மூன்றாம் வேலன்டினியன் போட்ட சட்டத்தைப் பாருங்கள். புதிய படை இருக்கட்டும், இருக்கிற படைக்கே உணவும் உடையும் கொடுக்க வரிப்பணம் போதவில்லை என்று பேரரசரே அதில் சொல்கிறார். உடனே விற்பனை வரி. விலையில் 24-இல் ஒரு பங்கு, விற்பவர் பாதி, வாங்குபவர் பாதி. சுமார் 4 விழுக்காடு. 2015-இல் நமக்கு 6 விழுக்காடு ஜி.எஸ்.டி. வந்தபோது எங்கள் பக்கத்துக் கடைக்காரர்கள் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பாவம், ரோமானியனுக்குத் தேர்தலும் கிடையாது.

ஆப்பிரிக்காவை மீட்கவும் பார்த்தார்கள். 468-இல் பெரும் கப்பற்படை போனது, செலவில் பெரும்பகுதி கிழக்குடையது. கெய்செரிக் ஐந்து நாள் தவணை கேட்டான். தளபதி பசிலிஸ்கஸ் கொடுத்தார்! காற்று தனக்குச் சாதகமாகத் திரும்பியதும் கெய்செரிக் தீ வைத்த கப்பல்களை ரோமானியப் படைக்குள் விட்டான். எட்டு வருடம் கழித்து இத்தாலியில் இருந்த கூலிப்படை, நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு கேட்டது. நீங்கள் சொன்ன சின்னப் பையனின் அப்பா ஒரெஸ்டஸ் மறுத்தார், அவரைக் கொன்றுவிட்டு அந்தப் படையின் தலைவன் ஒடோவாக்கர் பையனை இறக்கினான். பையன் ரோமுலஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆண்டுக்கு 6,000 பொற்காசு கொடுத்து அனுப்பிவைத்தான்.

பிரிக்பீல்ட்ஸ் மலர்:
சார், வரவு சும்மா போகவில்லையே. வேண்டல்கள் ஆப்பிரிக்காவில் பரவிக்கொண்டிருந்த 432-இல், அங்கே இருக்க வேண்டிய ரோமானியத் தளபதி போனிஃபேஸ் இத்தாலிக்கு வந்து இன்னொரு ரோமானியத் தளபதி ஏட்டியஸோடு சண்டை போட்டார், அந்தக் காயத்திலேயே செத்தார். 454-இல் அந்த ஏட்டியஸைப் பேரரசர் வேலன்டினியன் தன் கையாலேயே வெட்டினார். அடுத்த ஆண்டு ஏட்டியஸின் ஆட்கள் பேரரசரை வெட்டினார்கள், கெய்செரிக் ரோமுக்குள் நுழைந்தான். இவர்கள் கையில் பணம் இருந்தாலும் என்ன செய்திருப்பார்கள்?

செந்தூல் கணக்கர்:
பாதி ஒப்புக்கொள்கிறேன் மலர். ஆனால் கிழக்கிலும் வெட்டுக்குத்துக்குக் குறைவில்லை. எகிப்து, சிரியா வரி அந்த நூற்றாண்டில் தடையில்லாமல் வந்தது. கான்ஸ்டான்டினோபிளுக்கு 413 வாக்கில் கட்டிய மதில் வேறு. சண்டை போட்டுக்கொண்டும் தாக்குப்பிடித்தார்கள்.

லெபோ பசார் மிளகு:
ஐயா, அலாரிக் கேட்டதைக் கொடுத்தார்களா? அப்புறம், ரோம் போனதும் நம் மிளகு வியாபாரம் என்ன ஆனது?

செந்தூல் கணக்கர்:
கொடுத்தார்கள், கோயில் சிலைகளை உருக்கி. அதில் வீரத்துக்கான தெய்வத்தின் சிலையும் ஒன்று. ஆனாலும் 410-இல் திரும்பி வந்து கொள்ளையடித்தான்.

மிளகு நிற்கவில்லை. கரூரில் அமராவதி ஆற்றில் 4, 5-ஆம் நூற்றாண்டு ரோமானியச் செப்புக்காசுகள் கிடைத்திருக்கின்றன. 6-ஆம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்ற எகிப்து வணிகர், மலபாரில் மிளகு ஏற்றுமதியாகும் ஐந்து துறைமுகங்களைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார்.