அன்னாசி ஜாம் பிஸ்கட் அடியில் வாய் பிளக்குது, ஷட்டரை மாற்றணுமா?

சுங்கை சிப்புட் பலகாரக்கடை:
தீபாவளி ஆர்டர். ஜாம் உள்ளே வைத்த உருண்டை பிஸ்கட். மாவுக்கும் ஜாமுக்கும் இரண்டு ஹாப்பர் (கொட்டும் தொட்டி), உருண்டையைக் கிள்ளி மூடும் இதழ் ஷட்டர் உள்ள மெஷின். ஒன்று 20 கிராம்: மாவு 12, ஜாம் 8. கோதுமை மாவு 10 கிலோவுக்கு வெண்ணெய் 6, ஐசிங் சர்க்கரை 1.5, மஞ்சள் கரு 1 கிலோ, பேக்கிங் பவுடர் 100 கிராம். ஓவன் 180 டிகிரி, 15 நிமிஷம். அடியில் பிளந்து ஜாம் தட்டில் வழிந்து கருகுது. காலையில் பரவாயில்லை, மத்தியானம் தட்டில் பாதி வீண். மெஷின் விற்றவர் ஷட்டரை மாற்றச் சொல்றார்.

மெஷின் ரிப்பேர்:
அவசரப்படாதீங்க அண்ணே. பக்கவாட்டில் வெடித்தால் ஆவியோ மாவோ காரணம். அடியில் என்றால் மூடின இடம் ஒட்டலை. ஷட்டர் மூடும்போது மாவோடு மாவு சேரணும். நடுவில் ஜாம் இழுபட்டால் சேராது. அன்னாசியில் இதைச் செய்வது நார். மெஷினை நிறுத்தி, சுவிட்சையும் அணைத்துவிட்டு இதழ் இடுக்கைப் பாருங்க, மஞ்சள் நூலாத் தொங்கும். ஜாமை அரவை மெஷினில் 3 மில்லிமீட்டர் துளைத் தட்டு போட்டு அரையுங்க.

இன்னொன்று: வேகாத உருண்டையை ஃப்ரீசரில் இறுகவிட்டுக் குறுக்கே வெட்டுங்க. ஒரு பக்கம் மெல்லிசு, எதிர்ப்பக்கம் தடிப்பு என்றால் ஜாம் வரும் உள் நோசல் (குழாய் முனை) நடுவில் இல்லை. நட்டைத் தளர்த்தி நடுவுக்குக் கொண்டுவாங்க. ஷட்டருக்குக் காசு கொடுப்பதெல்லாம் இதற்கப்புறம்.

மாவுக்காரர்:
நார் சரிதான், ஆனால் மத்தியானம் மோசமாவதற்கு நார் காரணம் இல்லை. வெண்ணெய் இளகுது. மாவு இளகிப்போய் ஜாம் மட்டும் கெட்டியா இருந்தால், ஜாம் மாவைத் தள்ளிக்கிட்டு வெளியே வரும். இரண்டும் ஒரே பதத்தில், 20 டிகிரி பக்கம் இருக்கணும். ரொம்பக் குளிர்ந்தாலும் மாவு உதிரும். ஹாப்பரில் கொஞ்சம் கொஞ்சமாப் போடுங்க, மிச்சம் ஏர்கோன் ரூமில் இருக்கட்டும். ஹாப்பரில் மாவைத் தள்ளும் திருகு பிசையப் பிசைய மாவு இன்னும் சூடாகும். வெண்ணெயில் 2 கிலோவைக் குறைத்து அந்த எடைக்குப் பாமாயில் ஷார்ட்டனிங் (கெட்டிக் கொழுப்பு) போடுங்க. வாசனை கொஞ்சம் குறையும்தான்.

பேக்கிங் பவுடர் 100 கிராம் எதுக்கு? 30 போதும். ஜாம் 80 பிரிக்ஸ் (சர்க்கரைச் செறிவின் அளவு) வரை சுண்டணும். தண்ணி மிஞ்சினால் ஓவனில் கொதித்து மூடின இடத்தைத்தான் முதலில் பிளக்கும். மாவு 13, ஜாம் 7 வைத்து, 160 டிகிரியில் 20 நிமிஷம் விட்டுப் பாருங்க.

சுங்கை சிப்புட் பலகாரக்கடை:
நார் இருந்தது. அரைத்துப் போட்டதும் அடி மூடிக்கிச்சு. ஆனால் இப்போ சில உருண்டையில் உள்ளே பொந்து.

மெஷின் ரிப்பேர்:
அரைக்கும்போது காற்று புகுந்திருக்கு. ஜாமை ஒரு ராத்திரி மூடி வையுங்க. ஹாப்பரில் போடும்போது கட்டைக் கரண்டியால் ஓரம் வரை அமுக்குங்க. மாவை நிறுத்தி ஜாமை மட்டும் ஓட்டி, விட்டுவிட்டு வராமல் ஒரே கயிறா வந்ததும் மாவைத் திறங்க. ஹாப்பர் கால்வாசிக்குக் கீழே இறங்கினால் திருகு திரும்பக் காற்றை இழுக்கும்.