புதிய தமிழ் வகுப்புக்கு அழைப்பிதழ்: தொடக்கமா, துவக்கமா, திறப்பா, அறிமுகமா?

ரங்கூன் பையன்:
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் கோயில் மண்டபத்தில் இந்தக் கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு வைக்கிறோம். திங்யான் என்கிற பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவும் நம் வருஷப் பிறப்பும் முடிந்த கையோடு முதல் வகுப்பு, ஜூனில் பர்மியப் பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் நடக்கும். சொல்லிக்கொடுக்க இரண்டு அக்காமார் முன்வந்திருக்கிறார்கள், நாங்களே தொகுத்த சின்ன வாசிப்புப் புத்தகமும் அச்சாகி வந்துவிட்டது. இழுபறி எல்லாம் அழைப்பிதழில்தான். ஒருவர் ‘அறிமுக விழா’ என்கிறார், இன்னொருவர் ‘திறப்பு விழா’, கோயில் தலைவர் ‘ஆரம்ப விழா’ என்றே போடச் சொல்கிறார், அச்சகத்துக்காரர் ‘துவக்க விழா’ என்று தானாகவே மாதிரி அடித்துக் கொடுத்துவிட்டார். இங்கே பல பிள்ளைகள் வீட்டுக்கு வெளியே தமிழ் எழுத்தைப் பார்ப்பதே கோயிலில்தான். அவர்கள் எழுத்துக் கூட்டிப் படிக்கப்போகிற முதல் காகிதம் இந்த அழைப்பிதழாகக்கூட இருக்கலாம். அதனால்தான் இவ்வளவு யோசிக்கிறேன். எது சரி? விருந்தினராக வருகிற பெரியவர் ‘திறந்து வைக்கிறார்’ என்று போடலாமா?

மோல்மீன் வாத்தியார்:
தம்பி, முதலில் எது புதிது என்று பாருங்கள். மண்டபம் பழைய மண்டபம்தானே? அப்படியானால் திறப்பு விழா வேண்டாம். திறப்பு என்றால் கட்டடம், கடை, பாலம், சிலை என்று மூடியோ பூட்டியோ வைத்திருந்த ஒன்று இருக்க வேண்டும். அறிமுகமும் பொருந்தாது. சபைக்கு முகம் தெரியாத ஓர் ஆளையோ பொருளையோ முன்னால் கொண்டுவந்து ‘இதுதான் இது’ என்று காட்டுவது அறிமுகம், அது ஐந்து நிமிடத்தில் முடிகிற காரியம். உங்களுடையது வாரக்கணக்கில் நடக்கப்போகிற வேலை. வேலைக்குத் தொடக்கம்தான்.

துவக்கம் தப்பு என்று சண்டைக்குப் போக மாட்டேன். செய்தித்தாளில் தினமும் வருகிறது, படிக்கிற யாருக்கும் புரியும். ஆனால் பழைய வடிவம் ‘தொடங்கு’, அதிலிருந்து திரிந்து வந்ததுதான் ‘துவங்கு’. பிள்ளைகள் கண்ணில் படப்போவது என்றால் வேர் தெரிகிற சொல்லைப் போடுவதே நல்லது. ஆரம்பம் வடசொல், வீட்டில் எல்லாரும் ‘ஆரம்பிச்சாச்சா’ என்றுதான் கேட்கிறோம், பேச்சில் அது இருந்துவிட்டுப் போகட்டும். தமிழ்நாட்டில் ஆரம்பப் பள்ளி என்று எழுதிக்கொண்டிருந்ததை இப்போது தொடக்கப் பள்ளி என்றுதான் எழுதுகிறார்கள்.

விருந்தினருக்குத் ‘தொடங்கி வைக்கிறார்’ என்று போடுங்கள். வெறும் ‘தொடங்குகிறார்’ என்றால் வகுப்பையே அவர்தான் நடத்துகிறார் என்று ஆகிவிடும். ‘வைக்கிறார்’ சேர்ந்தால்தான் அவர் கைபட்டுத் தொடங்குகிறது, பிறகு நடத்துபவர்கள் வேறு என்ற பொருள் வரும்.

பெகு நெல்வயல்:
வாத்தியார் ஐயா சொன்னதே சரி. அதோடு ஒன்று சொல்ல ஆசை. விழாச் சொற்களை மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் போதாது, நம் வீட்டில் புழங்குகிற தொடக்கச் சொற்களையும் முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுங்கள். எங்கள் பக்கம் நெல்லுக்குக் கூடைதான் அளவு, ஒரு கூடை 46 ராத்தல் (பவுண்டு). களத்தில் அளக்கும்போது எங்கள் தாத்தா முதல் கூடைக்கு ‘ஒன்று’ என்று சொல்லவே மாட்டார். ‘லாபம்’ என்று உரக்கச் சொல்லிக் கொட்டுவார், அடுத்ததுதான் ‘ரெண்டு’, ‘மூணு’. பக்கத்தில் சாக்கைப் பிடித்துக்கொண்டிருந்த பர்மியக் கூலியாட்களும் முதல் கூடைக்கு ‘லாபம்’ என்றே சொல்லப் பழகிவிட்டார்கள். அப்புறம் கடையில் முதல் வியாபாரம் போணி, கணக்கு நோட்டின் தலையில் பிள்ளையார் சுழி, கல்யாணத்துக்குப் பந்தக்கால், திருவிழாவுக்குக் கொடியேற்றம், தேர் செய்து முதல்முதலாக இழுத்துப் பார்த்தால் வெள்ளோட்டம். வேலைக்கு வேலை தொடக்கத்துக்குத் தனிச் சொல் வைத்திருக்கிறோம். எல்லாவற்றுக்கும் ‘ஸ்டார்ட் பண்ணு’ என்று ஒரே ஆணி அடித்தால் இவ்வளவும் நம் தலைமுறையோடு போய்விடும், எனக்கு அந்தக் கவலை நிறைய உண்டு.

செல்வி, இன்சீன்:
‘கால்கோள் விழா’ என்று போட்டால் இன்னும் நல்ல தமிழாக இருக்காதா அண்ணா? அழகான சொல்லாயிற்றே.

மோல்மீன் வாத்தியார்:
அழகான சொல்தான் அம்மா, பழையதும்கூட. சிலப்பதிகாரத்தில் கண்ணகிக்குச் சிலை செய்ய இமயத்தில் கல் எடுக்கச் சேரன் புறப்பட்டுப் போகிற பகுதிக்குப் பெயரே கால்கோட் காதை. ஆனால் இன்றைக்குக் கால்கோள் விழா என்றால் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டுகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள், நன்கொடை ரசீது புத்தகம் எங்கே என்று கேட்பார்கள். வகுப்புக்கு வேண்டாம்.

பர்மா வீட்டுப் பேத்தி:
நான் சென்னையிலிருந்து எழுதுகிறேன், எங்கள் பாட்டி குடும்பம் 1960களில் ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்தது. உங்கள் வாசிப்புப் புத்தகத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே! அதற்கு ‘வெளியீடு’ என்று போடுங்கள். இங்கே நூல் வெளியீட்டு விழா என்றால் புத்தகம் அன்றைக்குத்தான் முதல்முதலாக வெளியே வருகிறது, ஒருவர் வெளியிடுவார், இன்னொருவர் முதல் பிரதியைப் பெற்றுக்கொள்வார். ஏற்கெனவே வந்துவிட்ட புத்தகத்தைப் பற்றி வேறோர் ஊரில் கூடிப் பேசினால் அது அறிமுக விழா. ஆக உங்கள் குழுவில் ‘அறிமுகம்’ என்று சொன்னவர் மனதில் புத்தகம் இருந்திருக்கும் என்று தோன்றுகிறது, அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். முதல் பிரதியைப் பெரிய மனிதர் யாருக்கும் கொடுக்காமல், வகுப்பில் சேர்கிற பிள்ளைகளிலேயே ஆகச் சின்னதற்குக் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

இன்னொன்று, எழுத்தே தெரியாத குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கு மட்டும் ‘ஏடு தொடங்குதல்’ தனியாக வையுங்கள். தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி, குழந்தையின் விரலைப் பிடித்து ‘அ’ எழுத வைப்பது. வழக்கமாக விஜயதசமிக்குத்தான் செய்வோம், ஆனாலும் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை, நல்ல நாள் பார்த்துச் செய்பவர்களும் உண்டு. முதல் எழுத்தைத் தமிழில் எழுதிய பிள்ளைக்கு அது மறக்காது.

ரங்கூன் பையன்:
எல்லாருக்கும் நன்றி. தலைவரிடம் காட்டினேன், ‘தொடக்கம்’ என்பதற்குச் சரி சொல்லிவிட்டார். அரிசியில் எழுதுவது அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, தாம்பாளம் தானே கொண்டுவருகிறாராம். தலைப்பு இப்படி வைத்திருக்கிறோம், நாளைக்கு அச்சுக்குப் போகிறது, ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்:

‘கோடைக்கால தமிழ் வகுப்பு தொடக்க விழா, வாசிப்பு நூல் வெளியீடு, ஏடு தொடங்குதல்’

மோல்மீன் வாத்தியார்:
நன்றாக இருக்கிறது தம்பி. இரண்டு இடத்தில் ‘த்’ போட வேண்டும்: கோடைக்காலத் தமிழ், வகுப்புத் தொடக்க விழா. அச்சகத்தில் அடித்துக் கொடுத்ததும் அந்த இரண்டும் இருக்கிறதா என்று நீங்களே கையோடு பார்த்துவிடுங்கள், பெரிய எழுத்துப் பேனரில் இடம் போதவில்லை என்று முதலில் அதைத்தான் எடுப்பார்கள்.