புதுப்பிப்பு: மறுபதிப்பு மங்காவில் மொழிபெயர்ப்பு புதிதா?

என்னிடம் பழைய ஆங்கிலப் பதிப்பாக இருக்கும் சாமுராய் மங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) தொடர், மூன்று பாகம் ஒரே புத்தகமாக மறுபடி வந்திருக்கிறது, மொழிபெயர்ப்பும் புதிதா, திரும்ப வாங்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

மின்பதிப்பின் இலவச மாதிரி உதவவில்லை. முதல் பக்கங்களில் வசனமே குறைவு. கைகொடுத்தது, மொழிபெயர்ப்பாளர் பெயர் இருக்கும் உரிமைப் பக்கத்தை ஒப்பிடச் சொன்ன யோசனைதான். கடையில் புத்தகம் உறைக்குள் இருந்ததால் விக்டோரியா ஸ்திரீட் நூலகத்தில் இரவல் எடுத்தேன். மொழிபெயர்ப்பாளர் அதே ஆள். பேச்சுக் குமிழ்களில் எழுத்துப் பதித்தவர் மட்டும் வேறு.

ஆனால் உள்ளே திருத்தியிருக்கிறார்கள். பழையதில் தம்பி அண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். இப்போது 'ஒனீ-சான்' அப்படியே இருக்கிறது. (நமக்கு விளக்கமே தேவையில்லை, 'அண்ணா'தான்.) நிசப்தத்துக்கு ஜப்பானியர் போடும் 'ஷீன்' ஒலியும் திரும்பி வந்துவிட்டது. படங்களும் இனி ஜப்பானிய மூலம்போல வலமிருந்து இடம். பழைய பதிப்பில் இடமிருந்து வலம் படிக்கக் கண்ணாடிப் பிம்பம்போலத் திருப்பியிருந்ததால் எல்லாரும் இடக்கை வாள்வீரர்கள். கிமோனோவின் வலப்பக்கம் மேலே வந்திருந்தது. அப்படி உடுத்துவது பிணத்துக்குத்தான்!

எதிர்பாராதது ஒன்று: இரண்டாம் பாகத்தில் ஒரு பக்கத்தில் இரண்டு பேச்சுக் குமிழ்கள் இடம் மாறி, கேள்விக்கு முன்பே பதில் வருகிறது. பழையதில் சரியாக இருந்தது.

சரி, வாங்கிவிட்டேன். பழையதையும் விற்கவில்லை.