கொழுப்பு குளுக்கோஸாக மாறாது என்றால், குறியிட்ட கார்பன் குளுக்கோஸில் எப்படி வந்தது?

இரவுப்படிப்பு:
வணக்கம். உயிர்வேதியியலில் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன், யாராவது இழுத்து விடுங்கள்.

இரட்டைப்படை எண்ணிக்கையில் கார்பன் உள்ள கொழுப்பமிலத்திலிருந்து மனித உடலால் குளுக்கோஸ் செய்ய முடியாது என்று பாடத்தில் அடித்துச் சொல்கிறார்கள். சரி என்று மனப்பாடம் செய்துவிட்டேன். இப்போது கேள்வித் தொகுப்பில் ஒன்று வருகிறது: கார்பன்-14 (கதிர்வீச்சால் அடையாளம் காணக்கூடிய கார்பன்) குறியிட்ட அசிட்டேட்டைப் பட்டினியில் இருக்கும் விலங்குக்குக் கொடுத்தால், கல்லீரல் வெளிவிடும் குளுக்கோஸில் அந்தக் குறி தெரியுமா? விடை: தெரியும்!

நான் நோட்டில் போட்டுப் பார்த்த வழி இது (கொழுப்பமிலம் உடைந்து வரும் 2 கார்பன் துண்டுதான் அசிட்டைல் கோ-ஏ; அசிட்டேட்டும் உடலில் அதுவாகத்தான் மாறும்). கொழுப்பமிலம் → அசிட்டைல் கோ-ஏ → சிட்ரேட் → சக்சினேட் → மாலேட் → ஆக்ஸலோஅசிட்டேட் → ஃபாஸ்ஃபோஈனால்பைருவேட் → குளுக்கோஸ். எந்தப் படியிலும் கதவு மூடியிருக்கவில்லை. எல்லா நொதியும் கல்லீரலில் இருக்கிறது. அப்புறம் ஏன் "முடியாது"?

வைவாமணி:
குளுக்கோஸ் உடைந்து வரும் பைருவேட்டை அசிட்டைல் கோ-ஏ ஆக்கும் நொதி பைருவேட் டிஹைட்ரோஜினேஸ்; அது மீளா வினை. அசிட்டைல் கோ-ஏ திரும்பிப் பைருவேட் ஆகாது. அதனால்தான். இதை எழுதினால் மார்க் வரும்.

இரவுப்படிப்பு:
அது தெரியும். ஆனால் நான் அந்த வழியாகத் திரும்பவே இல்லையே. கிரெப்ஸ் சுழற்சியை (நோட்டில் சிட்ரேட்டிலிருந்து ஆக்ஸலோஅசிட்டேட் வரை போட்ட வழி) சுற்றிக்கொண்டு ஆக்ஸலோஅசிட்டேட் வழியாக வருகிறேன். பின்வாசல் பூட்டு என்று சொன்னால் முன்வாசல் கேள்விக்கு அது எப்படிப் பதிலாகும்?

கார்பன்கணக்கு:
வைவாமணி சொன்னது உண்மை, ஆனால் பாதிப் பதில். உங்கள் சந்தேகம் நியாயமானது. நீங்கள் போட்ட அம்புக்குறியில் ஒரு பொருள் விட்டுப்போயிருக்கிறது. "அசிட்டைல் கோ-ஏ → சிட்ரேட்" என்று எழுதினீர்களே, அங்கே இன்னொரு ஆள் வேண்டும்: ஆக்ஸலோஅசிட்டேட். அதையும் சேர்த்து எழுதிப் பாருங்கள்.

உள்ளே போவது 2 கார்பன் (அசிட்டைல்), அதோடு 4 கார்பன் (ஆக்ஸலோஅசிட்டேட்). சிட்ரேட் 6. ஐசோசிட்ரேட் டிஹைட்ரோஜினேஸில் ஒரு கார்பன் டை ஆக்சைடு போய் 5. ஆல்ஃபா-கீட்டோகுளுட்டரேட் டிஹைட்ரோஜினேஸில் இன்னொன்று போய் 4. கடைசியில் கையில் இருப்பது அதே 4 கார்பன் ஆக்ஸலோஅசிட்டேட். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். இலாபம் பூஜ்யம்.

இப்போது அந்த ஒன்றை எடுத்துக் குளுக்கோஸுக்கு அனுப்பினால், அடுத்து வரும் அசிட்டைலைப் பிடித்துக்கொள்ள ஆளில்லை. சுழற்சி நின்றுவிடும். ஆகவே குளுக்கோஸுக்கு ஆக்ஸலோஅசிட்டேட்டை எடுக்க வேண்டும் என்றால், அதை வேறு எங்கிருந்தாவது நிரப்ப வேண்டும்: லாக்டேட், அலனின், குளுட்டமின் மாதிரி. அசிட்டைல் கோ-ஏவால் நிரப்ப முடியாது.

இரவுப்படிப்பு:
ஆஹா, இது புரிகிறது. ஆனால் ஒரு உறுத்தல். வெளியே போகும் அந்த இரண்டு கார்பன் டை ஆக்சைடும் உள்ளே வந்த அசிட்டைலின் கார்பன்தான் என்றால், குறி குளுக்கோஸுக்கே வரக் கூடாதே? வருகிறது என்கிறார்களே?

கார்பன்கணக்கு:
அங்கேதான் விஷயம் இருக்கிறது. முதல் சுற்றில் வெளியே போவது அசிட்டைலின் கார்பன் அல்ல. இரண்டும் பழைய ஆக்ஸலோஅசிட்டேட்டின் கார்பன்கள்.

பஸ்ஸில் இரண்டு பேர் ஏறுகிறார்கள், ஏற்கெனவே உட்கார்ந்திருந்த வேறு இரண்டு பேர் இறங்குகிறார்கள். புதிதாக ஏறியவர் முகம் உள்ளே தெரியும்; பஸ்ஸில் கூட்டம் கூடியிருக்காது. குறி காட்டுவது முகத்தை. பாடத்தில் சொல்லும் "நிகர உற்பத்தி இல்லை" என்பது தலை எண்ணிக்கையை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்.

நோட்டை எடுத்துக் குறியைப் பின்தொடர்ந்து பாருங்கள், அழகாக வரும். அசிட்டேட்டின் இரண்டு கார்பன்களில் கார்பாக்சில் கார்பனில் (ஆக்சிஜன் ஒட்டிய முனை) குறி போட்டால், முதல் சுற்று முடிவில் அது ஆக்ஸலோஅசிட்டேட்டின் 1ஆம் அல்லது 4ஆம் கார்பனில் இருக்கும், பாதிக்குப் பாதி. காரணம், நடுவில் வரும் சக்சினேட் சமச்சீரான மூலக்கூறு. அதன் இரு முனைகளையும் நொதியால் பிரித்தறிய முடியாது. அடுத்த சுற்றில் வெளியேறுவது இதே 1ஆம், 4ஆம் கார்பன்கள். எனவே இரண்டாம் சுற்றில் இந்தக் குறி முழுவதும் கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும்.

மெத்தில் கார்பனில் (மற்ற முனை) போட்ட குறி கெட்டி. முதல் சுற்று முடிவில் அது 2, 3ஆம் இடங்களில் இருக்கும். இரண்டாம் சுற்றில் ஒன்றுகூட வெளியேறாது. இடம் மட்டும் மாறி, பாதி ஓரத்துக்கு வரும். மூன்றாம் சுற்றில் அந்தப் பாதி போகும்.

முதல் சுற்று முடிந்ததும் ஆக்ஸலோஅசிட்டேட் குளுக்கோஸுக்குத் திரும்பினால், கார்பாக்சில் குறி குளுக்கோஸின் 3, 4ஆம் கார்பன்களில் உட்காரும். மெத்தில் குறி 1, 2, 5, 6இல். கேள்வித் தொகுப்பில் இதையும் சில சமயம் திருப்பிக் கேட்பார்கள்.

பழையபேராசிரியர்:
தம்பி கார்பன்கணக்கு நன்றாகச் சொன்னார். ஒரு சின்ன வரலாறு மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் இதே இடத்தில் அந்தக் காலத்தில் பெரியவர்களும் தடுக்கி விழுந்திருக்கிறார்கள்.

கிரெப்ஸ் 1937இல் சுழற்சியை முன்வைத்தார். 1940களின் தொடக்கத்தில் குறியிட்ட கார்பன் டை ஆக்சைடு வைத்துச் சோதித்தபோது, ஆல்ஃபா-கீட்டோகுளுட்டரேட்டின் ஒரே ஒரு கார்பாக்சிலில்தான் குறி தெரிந்தது. சிட்ரேட் சமச்சீரான மூலக்கூறு, அது வழியாக வந்திருந்தால் குறி இரண்டு முனைக்கும் பரவியிருக்க வேண்டும் என்று வாதிட்டு, சிட்ரேட்டையே சுழற்சியிலிருந்து தள்ளிவைத்தார்கள். 1948இல் ஆக்ஸ்டன் என்ற உயிர்வேதியியலாளர் ஒரு எளிய வாதம் வைத்தார்: நொதி மூலக்கூறை மூன்று புள்ளிகளில் பிடித்தால், பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரு கைகளும் அதற்கு வெவ்வேறு கைகளே. சிட்ரேட் தன் இடத்துக்குத் திரும்பியது. அசிட்டைல் கார்பன்கள் முதல் சுற்றில் தப்பிப்பதற்கும் காரணம் இதுதான். அகோனிடேஸ் நொதி எப்போதும் ஆக்ஸலோஅசிட்டேட்டிலிருந்து வந்த கையில்தான் வேலை செய்கிறது.

நோட்டில் சிட்ரேட்டை வரையும்போது இரண்டு கைகளுக்கும் வேறு வேறு நிற மை போடுங்கள் அம்மா. பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

கேள்விக்குறி:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். அப்படியானால் உடலில் சேர்த்துவைத்த கொழுப்பிலிருந்து ஒரு துளி குளுக்கோஸ்கூட வராதா? கிளிசரால் என்று ஒன்று இருக்கிறதே?

கார்பன்கணக்கு:
வரும். "கொழுப்பு" என்பதும் "கொழுப்பமிலம்" என்பதும் ஒன்றல்ல. தேர்வில் இந்த இடத்தில்தான் ஆளைக் கவிழ்ப்பார்கள். டிரைகிளிசரைடு (சேமித்த கொழுப்பு; ஒரு கிளிசராலில் மூன்று கொழுப்பமிலம்) உடைந்தால் வரும் கிளிசராலைக் கல்லீரல் கிளிசரால் கைனேஸ் மூலம் பிடித்து, டைஹைட்ராக்சிஅசிட்டோன் ஃபாஸ்ஃபேட்டாக்கி நேராகக் குளுக்கோஸ் பாதையில் விடும். கொழுப்புத் திசுவில் அந்தக் கைனேஸ் மிகக் குறைவு, அதனால் கிளிசரால் இரத்தத்தில் ஏறிக் கல்லீரலுக்கு வந்தாக வேண்டும். ஆனால் எவ்வளவு கிடைக்கும்? டிரைபால்மிட்டின் என்ற டிரைகிளிசரைடு மூலக்கூறில் 51 கார்பன். அதில் கிளிசரால் 3. ஆறு சதவீதத்துக்குக் கீழே. மீதி 48ம் அசிட்டைல் கோ-ஏ.

ஒற்றைப்படைக் கொழுப்பமிலம் இன்னொரு விதிவிலக்கு. கடைசியில் மிஞ்சும் 3 கார்பன் புரோப்பியோனைல் கோ-ஏ, பயோட்டின் துணையோடு மெத்தில்மலோனைல் கோ-ஏ ஆகி, பி12 துணையோடு சக்சினைல் கோ-ஏ ஆகும். இங்கே ஆக்ஸலோஅசிட்டேட்டைச் செலவழிக்காமல் சுழற்சிக்குள் 4 கார்பன் புதிதாக வருகிறது. இது உண்மையான இலாபம். நம் உணவில் இந்த வகை கொஞ்சம்தான்.

விதைமுளை:
தாவரவியல் பக்கத்திலிருந்து ஒரு குரல். நீங்கள் முடியாது என்று சொல்வதை முளைக்கும் ஆமணக்கு விதை அன்றாடம் செய்கிறது! எண்ணெயைச் சர்க்கரையாக்கித்தான் இலை விடும்வரை தாக்குப்பிடிக்கிறது. 1957இல் கார்ன்பெர்க்கும் கிரெப்ஸும் விளக்கிய கிளையாக்ஸிலேட் சுழற்சி அது. ஐசோசிட்ரேட் லையேஸ், மாலேட் சிந்தேஸ் என்ற இரண்டே நொதிகள் கூடுதல். ஐசோசிட்ரேட்டைக் குறுக்கே வெட்டிவிடுவதால் கார்பன் டை ஆக்சைடு போகும் இரண்டு படிகளும் தாண்டப்படுகின்றன. இரண்டு அசிட்டைல் உள்ளே போனால் ஒரு சக்சினேட் மிச்சம். பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் செய்யும். நம்மிடம் அந்த இரண்டு நொதிகளும் இல்லை, அவ்வளவுதான்.

இரவுப்படிப்பு:
அருமை. அப்படியென்றால் பட்டினியில் கொழுப்பு எரிவதால் குளுக்கோஸுக்கு எந்தப் பயனும் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

வார்டுசுற்று:
ஐயோ, அப்படி எழுதிவிடாதீர்கள். கார்பன் தராது, ஆனால் கொழுப்பு எரியாமல் கல்லீரலால் குளுக்கோஸ் செய்ய முடியாது. இரண்டு பைருவேட்டை ஒரு குளுக்கோஸாக்க 4 ஏடிபி, 2 ஜிடிபி (செல்லின் ஆற்றல் நாணயங்கள்) வேண்டும். பட்டினியில் அந்தச் செலவை ஏற்பது பீட்டா ஆக்சிஜனேற்றம், அதாவது கொழுப்பமிலத்தை உடைத்து எரிப்பது. போதாததற்கு, பைருவேட்டை ஆக்ஸலோஅசிட்டேட்டாக்கும் பைருவேட் கார்பாக்சிலேஸ் வேலை செய்ய அசிட்டைல் கோ-ஏ தூண்ட வேண்டும். அதாவது அசிட்டைல் கோ-ஏ தான் குளுக்கோஸ் ஆகாமல், பைருவேட்டை அந்தப் பக்கம் தள்ளிவிடுகிறது.

நோயில் இது கண்ணுக்குத் தெரியும். நடுத்தரச் சங்கிலி அசைல் கோ-ஏ டிஹைட்ரோஜினேஸ் (கொழுப்பமிலத்தை எரிக்க வேண்டிய நொதி) குறைபாடுள்ள குழந்தை, காய்ச்சல் வந்து சாப்பிடாமல் கிடந்தால் சர்க்கரை விழுந்துவிடும்; கீட்டோனும் (அசிட்டைல் கோ-ஏவிலிருந்து கல்லீரல் செய்யும் அசிட்டோஅசிட்டேட் போன்றவை) எதிர்பார்க்கும் அளவு ஏறியிருக்காது. கொழுப்பிலிருந்து குளுக்கோஸ் வராது என்ற ஒரு வரியை மட்டும் படித்தவருக்கு, கொழுப்பை எரிக்க முடியாத குழந்தைக்குச் சர்க்கரை ஏன் குறைகிறது என்பது புரியவே புரியாது. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) நான் கேட்பது இதைத்தான்.

இரவுப்படிப்பு:
நன்றி மேடம். இப்போது ஒன்று தானாகப் பொருந்துகிறது: லியூசின், லைசின் இரண்டும் முழுக்கக் கீட்டோன் தரும் அமினோ அமிலங்கள் என்று பட்டியலில் படித்தேன். அவை உடைந்து அசிட்டைல் கோ-ஏ, அசிட்டோஅசிட்டேட் பக்கம் மட்டுமே போவதால்தானே? ஐசோலியூசின் புரோப்பியோனைல் கோ-ஏவும் தருவதால் இரண்டு பட்டியலிலும் வருகிறது?

கார்பன்கணக்கு:
அதேதான். இனிப் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம்.

கேள்விக்குறி:
அசிட்டோஅசிட்டேட்டிலிருந்து அசிட்டோன் வருகிறது, அசிட்டோன் பைருவேட் ஆகலாம் என்று எங்கோ படித்தேன். அப்படியானால் கொழுப்பமிலத்திலிருந்தே குளுக்கோஸ் வந்துவிட்டதே?

பழையபேராசிரியர்:
பாதை இருக்கிறது. நீண்ட பட்டினியில் அசிட்டோனின் ஒரு பகுதி லாக்டேட், பைருவேட் பக்கம் திரும்புவது நிஜம், கார்பன் கணக்கிலும் அது நிகர வரவே. அளவு சிறியது. முதலாண்டு விடைத்தாளில் இதை முதல் வரியில் வைக்காதீர்கள். "நிகரமாக இல்லை, ஏனெனில் ஆக்ஸலோஅசிட்டேட் கூடுவதில்லை" என்பதை எழுதி, கிளிசராலையும் புரோப்பியோனைலையும் சொல்லிவிட்டு, இடமிருந்தால் கடைசியில் ஒரு வரி.

வைவாமணி:
இடமிருக்காது சார். 2 மார்க் கேள்வி.